தடயத்தை ஆய்வோரை ஆய்வது யார்?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவன், கீழப்பாவூர்

கோவலன் மதுரையில் வெட்டுண்டு மாண்டதற்குப் பாண்டியனின் அவசர புத்தியே காரணம் என்று பள்ளிப் பருவம் முதல் படித்து வருகிறோம். சற்று நின்று நோக்கினால் அங்கே இன்னொன்றும் நடந்திருக்கிறது. சிலம்பைப் பற்றி நன்கு அறிந்தவன் என்று ஒருவன் அரசனிடம் வந்தான். அவன் அரண்மனைப் பொற்கொல்லன். தொழிலில் வல்லவன், அரசனுக்கு வேண்டியவன். காணாமற்போன சிலம்பு இன்னானிடம் இருக்கிறது என்று அவன் சொன்னான், அரசன் நம்பினான். அரசியின் சிலம்பைக் களவாடியவனே அவன்தான் என்பதைக் கண்டுகொள்ள அந்த அவையில் எந்த ஏற்பாடும் இல்லை. கண்ணகி வந்து சிலம்பை உடைத்து, உள்ளே இருந்தது முத்தன்று, மாணிக்கம் என்று காட்டினாள். ஆனால் அந்தச் சோதனை நடந்தபோது கோவலன் உயிரோடு இல்லை.

இன்று பொற்கொல்லன் நின்ற இடத்தில் தடய அறிவியல் ஆய்வுக்கூடம் நிற்கிறது. அங்கே உழைக்கும் விஞ்ஞானிகளை அந்தக் கள்வனோடு ஒப்பிடுவதாக யாரும் எண்ணிவிடவேண்டாம். படிப்பை முடித்தபின் அந்தக் கூடங்களில் ஒன்றில் வேலை கிடைக்குமா என்று ஏங்குகிறவர்களில் நானும் ஒருவன். நான் கேட்பது ஒரே கேள்விதான். அறிந்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காகவே நம்பிவிடலாமா? அவர் சொன்னது சரிதானா என்று பார்க்க வேறொருவர் வேண்டாமா?

நம் மாநிலத்திற்கு இத்துறையில் பெருமை உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில்தான் ஏற்பட்டது. கல்கத்தா (1853), ஆக்ரா (1864), பம்பாய் (1870) எல்லாம் பின்னால் வந்தவை. நஞ்சூட்டிக் கொல்லும் வழக்குகளில் இறந்தவர் வயிற்றில் இருந்தது பாஷாணமா, அபினா, ஊமத்தையா என்று பிரித்துச் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டதால் பிறந்தது அந்தப் பதவி. 1952-ல் நடந்த ஆளவந்தார் கொலையை நம் தாத்தாக்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒரு பெட்டிக்குள் தலையில்லாத உடல். இராயபுரம் கடற்கரையில் தலை. இரண்டும் ஒருவருடையவையே என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் நிறுவினார்கள். 1991 மே 21-ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த துணியையும் கம்பியையும் கொண்டு, குண்டு ஒரு பெண்ணின் இடுப்பில் கட்டப்பட்டிருந்தது என்று கண்டவர் அப்போது தமிழகத் தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். பல மாநிலங்களில் ஆய்வுக்கூடங்கள் காவல்துறைத் தலைவரின் கீழேயே இருக்க, தமிழ்நாட்டில் அது தனித்துறையாக, விஞ்ஞானி ஒருவரின் தலைமையில் இயங்குகிறது. பாராட்ட வேண்டிய ஏற்பாடு.

ஆயினும் அந்தத் தனித்துறை, காவல்துறையையும் சிறைத்துறையையும் நிர்வகிக்கும் அதே உள்துறையின் கீழ்தான் இருக்கிறது. வழக்குத் தொடுப்பது அரசு. பொருளைச் சோதிப்பது அரசு. சோதித்தவர் சரியாகச் சோதித்தாரா என்று பார்க்க வேண்டியதும் அதே அரசு. "அரசு ஆய்வுக்கூடம்தானே, அரசின் மேற்பார்வை தானாகவே இருக்குமே" என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். உடைமை வேறு, மேற்பார்வை வேறு. அரசுப் பேருந்து அரசுக்குச் சொந்தம் என்பதால் அதற்குத் தகுதிச் சான்று வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை இருக்கிறது. கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்குக்கூட அங்கே முத்திரை வேண்டும். குறித்த காலத்திற்கு ஒருமுறை அதை முத்திரை ஆய்வாளரிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டும், தவறினால் அபராதம். மளிகைக் கடை மஞ்சள் தூளில் கலப்படம் என்று வழக்கு வந்தால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்கிறார்கள். தன் செலவில் ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பும்படி கடைக்காரர் கேட்கலாம். முடிவை ஒப்பாவிட்டால் மேல்முறையீடும் உண்டு. கொலை வழக்கில் மாட்டிக்கொண்டவனுக்கு இப்படியொரு உரிமை சட்டத்தில் எழுதப்படவில்லை. அவன் சட்டையில் இருந்த இரத்தத்தைச் சோதிக்கும் கூடம் தர அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்ற பொதுவான கட்டாயமும் இல்லை. விரும்பினால் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெறலாம். பெறாவிட்டாலும் அறிக்கை செல்லும்.

எவ்வளவு செல்லும் தெரியுமா? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு, இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 329-ஆம் பிரிவு. அரசின் அறிவியல் வல்லுநர் கையெழுத்திட்ட அறிக்கையை அவர் கூண்டில் ஏறாமலே சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது அது. நீதிமன்றம் வேண்டுமென்று கருதினால் அவரை அழைக்கலாம். வசதியுள்ளவன் பெரிய வக்கீலை வைத்து, அழைக்கும்படி வாதாடுவான். கூலிக்காரன் என்ன செய்வான்? ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் அவன் தலைவிதி வந்து சேரும்.

இது வெறும் கற்பனைப் பயமன்று. நமக்கு மிக அருகில், தேனி மாவட்டத்துச் சுருளி அருவிப் பகுதியில் 2011-ஆம் ஆண்டு இளம் ஜோடி ஒன்று கொலையுண்டது. அவ்வழக்கில் பிடிபட்ட ஒருவருக்கு 2018-ல் விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. 2019-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை உறுதி செய்தது. வழக்கின் முக்கியத் தூண்களில் ஒன்று மரபணுச் சோதனை. 2025 ஜூலை 15-ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உடலிலிருந்து எடுத்த மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, எங்கே இருந்தன, ஏன் தாமதம் என்பதற்கு ஒழுங்கான பதில் இல்லை என்பது காரணங்களுள் ஒன்று. அத்தோடு நில்லாமல் நாடு முழுவதற்கும் கட்டளைகள் பிறப்பித்தது. மாதிரிப் பொட்டலத்தின் மேல் வழக்கு எண், காவல் நிலையம், அதிகாரி பெயர் எல்லாம் இருக்க வேண்டும். 48 மணி நேரத்திற்குள் ஆய்வுக்கூடம் சேர வேண்டும். வழக்கு நிலுவையில் இருக்கும்போது நீதிமன்ற அனுமதியின்றிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. கை மாறிய ஒவ்வொரு தடவையும் ஒரு பதிவேட்டில் ஏறி, அந்தப் பதிவேடு இறுதியில் நீதிமன்றக் கோப்பில் சேர வேண்டும். தூக்குக் கயிற்றின் நிழலில் ஏழாண்டுகள் ஒருவர் இருந்தபின் இது வந்திருக்கிறது. கொலை செய்தவர் யார் என்பதும் இன்றுவரை நிலைநாட்டப்படவில்லை. மாண்டவர்களின் பெற்றோருக்கும் அநீதி, சிறையிலிருந்தவருக்கும் அநீதி. தடயம் பழுதானால் இரு தரப்பும் தோற்கிறது என்பதை இதைவிட எப்படிச் சொல்வது?

கட்டளைகள் நல்லவை. ஆனால் அவை ஆய்வுக்கூடத்தின் வாசல் வரை வருகின்றன. வாசலுக்கு உள்ளே நடப்பதை யார் பார்ப்பது?

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பீடி சுற்றிப் பிழைக்கும் ஓர் அக்கா. அவர் கணவர் வயலில் மருந்தடித்துவிட்டு வந்து மயங்கி விழுந்து இறந்துபோனார். சந்தேக மரணம் என்று பதிவாயிற்று. குடல், ஈரல் முதலியவற்றைச் சோதனைக்கு அனுப்பினார்கள். அறிக்கை வந்தால்தான் காப்பீட்டுப் பணம். அறிக்கை வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. அதற்குள் ஊர்வாய் சும்மா இருக்குமா? சோற்றில் எதையோ கலந்துவிட்டாள் என்றார்கள். குழாயடியில் அவர் வந்து நின்றால் பேச்சு நின்றுவிடும். கடைசியில் அந்தத் தாள் வந்தபோது என்னிடம்தான் கொண்டு வந்தார். எங்கள் வளவில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். "என்ன போட்டிருக்காவ, வாசிச்சுச் சொல்லு தம்பி" என்றார். இரண்டு முறை வாசித்தேன். பெயர், எண், தேதி எல்லாம் போக, விஷயம் ஒரே வரி: நஞ்சு எதுவும் காணப்படவில்லை.

அவர் அழுதார். அவருக்கு அது விடுதலை. எனக்கோ ஒரு வேதியியல் மாணவன் என்ற முறையில் வேறு யோசனைகள் ஓடின. 'காணப்படவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. எந்த முறையில் தேடினார்கள், அந்த முறை எவ்வளவு சிறிய அளவைக் காட்டும், எந்தெந்த நஞ்சைத் தேடினார்கள், இவை எதுவும் அந்தத் தாளில் இல்லை. பூச்சிமருந்து கிடைக்கும் வழியில் தேடினால் நம் வேலியோரத்து அரளி விதையின் நஞ்சு கிடைக்காமல் போகலாம். உறுப்புகளைச் செறிந்த உப்புக் கரைசலில் இட்டு வைப்பது வழக்கம். அதைச் சரியாக இட்டார்களா? பதினான்கு மாதத்தில் ஜாடி எங்கெங்கே இருந்தது? விசாரித்தபோது ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தைக் கை காட்டினார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. குறை எங்கே என்று காட்டும் ஏடு ஒன்று இல்லாததே குறை.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால், அங்கேயும் அடிபட்டுத்தான் பாடம் கற்றிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஆனி டூக்கன் என்ற பெண்மணி போதைப்பொருள் ஆய்வுக்கூடத்தில் இரசாயன நிபுணராக இருந்தார். மற்றவர்களைவிடப் பல மடங்கு வேகமாக வேலை முடிப்பவர் என்று பெயர். 2012-ல் குட்டு வெளிப்பட்டது. பல மாதிரிகளைச் சோதிக்காமலே, கண்ணால் பார்த்தே முடிவெழுதியிருக்கிறார். (பக்கத்து மேசைக்காரனின் ப்யூரெட் அளவைப் பார்த்து ரெக்கார்டில் எழுதும் நண்பர்கள் இவ்விடத்தைக் கவனிக்கவும்!) 2017-ல் 21,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. அந்தக் கூடம் தனியாருடையதா என்றால், இல்லை. அம்மாநில அரசின் பொதுச் சுகாதாரத் துறையுடையது. அரசுக்குச் சொந்தம் என்ற ஒன்று போதாது என்று நான் சொல்வதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அரசு நடத்திய தடய அறிவியல் நிறுவனத்தை நஷ்டம் என்று சொல்லி 2012-ல் மூடிவிட்டுத் தனியாரிடம் விட்டார்கள். 2017-ல் மான்செஸ்டரில் ஒரு தனியார் கூடத்தில் அளவுகள் திருத்தப்பட்டது தெரிந்து 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டி வந்தது. அங்கே தடய அறிவியல் ஒழுங்காளர் என்றொரு பதவி முன்பே இருந்தும் சட்ட அதிகாரம் இல்லை. 2021-ல்தான் சட்டம் இயற்றிக் கொடுத்தார்கள்.

நம் நாட்டிலும் பிழை நேர்ந்ததுண்டு. ஆருஷி கொலை வழக்கில், ஒரு தலையணை உறையின் அடையாளம் தட்டச்சுப் பிழையால் இடம் மாறிவிட்டது என்று ஹைதராபாத் ஆய்வு நிறுவனம் 2011-ல் விளக்கம் எழுதியது. சோதனை நடந்ததோ 2008-ல். மூன்றாண்டு ஒரு கொலை வழக்கு அந்தத் தாளை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது.

இனி என் யோசனையைச் சொல்கிறேன். பெரிய யோசனையன்று, நம் செய்முறைத் தேர்விலிருந்து எடுத்ததுதான். ஒவ்வொரு பருவத்திலும் நம் மேசை மேல் ஓர் உப்பை வைக்கிறார்கள். அது என்ன என்று நமக்குத் தெரியாது. முதல்நிலைச் சோதனை, பிறகு உறுதிச் சோதனை என்று படிப்படியாகச் செய்து எழுதுகிறோம். மதிப்பெண் இடுவதற்கு நம் பேராசிரியரோடு வேறு கல்லூரியிலிருந்து புறத்தேர்வாளரும் வந்து உட்காருகிறார். நம் பேராசிரியர்மேல் நம்பிக்கை இல்லாமலா? வெளியாள் ஒருவர் இருப்பது இருவருக்கும் நல்லது என்பதால்தான். ஐம்பது மதிப்பெண்ணுக்கே இந்த ஏற்பாடு. தடய அறிவியல் கூடங்களுக்கும் இதே போல், விடை முன்பே தெரிந்த மாதிரிகளை, சாதாரண வழக்குப் பொருள் போலவே முத்திரையிட்டு, யாருக்கும் சொல்லாமல் அனுப்ப வேண்டும். கிடைத்த விடை சரியா தவறா என்று பதிய வேண்டும். டூக்கன் போன்ற ஒருவர் இருந்தால் ஒரு மாதத்திலேயே தெரிந்துவிடும். கூடவே, முடியும் இடத்தில் எல்லாம் மாதிரியில் ஒரு பங்கை எதிரித் தரப்புக்காக எடுத்து வைக்க வேண்டும்; மஞ்சள் தூளுக்கு உள்ள சலுகை மனிதனுக்கும் இருக்கட்டும்.

இதை அனுப்புவது யார், பார்ப்பது யார்? இங்கேதான் சிக்கல். ஒரு பேராசிரியரிடம் இதைச் சொன்னபோது, "அரசியல்வாதி கையில் இன்னொரு கயிற்றைக் கொடுக்கச் சொல்கிறாயா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேற்பார்வை என்ற பெயரில் மந்திரி வீட்டிலிருந்து தொலைபேசி வருமானால் இப்போதிருப்பதே மேல். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு மாண்ட வழக்கை எண்ணிப் பாருங்கள். லத்தியிலும் மேசையிலும் இரத்தக் கறை இருந்தது, அது அழிக்கப்படலாம் என்று பெண் தலைமைக் காவலர் ஒருவர் மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். கேமரா பதிவுகள் அன்றன்றே அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. உயர்நீதிமன்றம் தலையிட்டு, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் பொறுப்பில் விடச் சொன்னது. குற்றஞ்சாட்டப்பட்டவர்களே காவலர்களாக இருக்கும்போது, அந்தக் கறையைச் சோதிக்கும் கூடத்தை மேற்பார்வை செய்பவர் காவலர்களின் மேலதிகாரியாக இருந்தால் சாட்சி சொன்ன அந்த அம்மாவின் துணிச்சலுக்குப் பொருள் இராது.

எனவே அரசு என்று நான் சொல்வது அமைச்சரகத்தை அன்று, சட்டத்தை. இதற்கு நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. அரசின் கணக்கைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கை அதிகாரி அரசுப் பணத்தில்தான் சம்பளம் பெறுகிறார். ஆயினும் எந்த மந்திரியும் அவரைக் கூப்பிட்டு எழுதியதை மாற்று என்று சொல்ல முடியாது; அவர் அறிக்கை சட்டமன்றத்தின் மேசைக்கு வருகிறது. தடய அறிவியலுக்கும் அப்படி ஒரு வாரியம் அமையலாம். ஓய்வுபெற்ற நீதிபதி, பல்கலைக்கழக வேதியியல், உயிரியல் பேராசிரியர்கள், எதிரித் தரப்பில் வாதாடிப் பழகிய வழக்கறிஞர் ஒருவர் அதில் இருக்க வேண்டும். காவல்துறைக்கு ஓர் இடம் தரலாம், தலைமை தரக்கூடாது.

செலவாகும் என்பார்கள். ஆகும். ஏற்கெனவே வேலை மலைபோல் குவிந்திருக்கிறது, இதில் மேற்பார்வை வேறா என்பார்கள். 2024 ஜூலை 1-ஆம் நாள் வந்த புதிய சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் என்றால் தடய நிபுணர் சம்பவ இடத்திற்கே போக வேண்டும் என்கிறது. மாநிலங்கள் இதை ஐந்தாண்டுக்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். ஆக, மலை இன்னும் உயரப் போகிறது. அவசரத்தில் ஆள் எடுத்து, அவசரத்தில் கூடம் கட்டி, அவசரத்தில் சோதிக்கப் போகும் இந்தக் காலத்தில்தான் பிழை நுழையும். மேற்பார்வையை இப்போது வைக்காமல் வேறு எப்போது வைப்பது?

மத்திய அரசு ஒரு முயற்சி செய்யாமல் இல்லை. 2019-ஆம் ஆண்டு மரபணுத் தொழில்நுட்ப மசோதா, ஒழுங்குமுறை வாரியம் ஒன்றை ஏற்படுத்தி, அதன் அங்கீகாரம் பெறாத கூடம் மரபணுச் சோதனை செய்யக் கூடாது என்றது. அதே மசோதாவில் மக்களின் மரபணுத் தகவலைச் சேமிக்கும் வங்கியும் இருந்தது. அதைப் பற்றி எழுந்த அச்சம் சரியானதே என்பது என் கருத்து. 2023 ஜூலையில் மசோதா முழுவதும் திரும்பப் பெறப்பட்டது. வங்கியை விட்டுவிட்டு வாரியத்தை மட்டுமாவது வைத்துக்கொண்டிருக்கலாம். மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தின கதையாயிற்று.

டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தடய அறிவியல் துறை நம் மாநிலத்துடையது. 1849-ல் முதலில் தொடங்கிய மாநிலம் இதையும் முதலில் தொடங்கலாம். வாரியம் வரும் வரை ஒன்று மட்டும் செய்தால்கூடப் போதும். ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வைக்கும்போது, எத்தனை வழக்குப் பொருள்கள் சோதிக்கப்பட்டன என்ற எண்ணுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றும் எத்தனை நாள் கிடந்தது, எத்தனை முடிவு பின்னால் தவறென்று தெரிந்தது என்ற இரண்டு எண்களையும் அச்சிடட்டும். தமிழில் அச்சிடட்டும், எங்கள் தெரு அக்காவும் எழுத்துக் கூட்டியாவது வாசித்துக்கொள்வார்.